ஆவணம் தந்தவர்களுக்கே அதிகாரம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒடுக்கப்பட்ட மக்களின் பழைய ஆவணங்களை உடனே திரட்டி மின்னுருவாக்க வேண்டும் என்ற தங்கள் கட்டுரையை மனமார வரவேற்கிறேன். ஆனால் திரட்டிய பிறகு அவை யார் பொறுப்பில் இருக்கும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

அரசு ஆவணக் காப்பகங்களில் இம்மக்கள் இல்லாமல் இல்லை. சந்தேகத்துக்குரியவராக, கைரேகை வைத்தவராக, வெளியேற்றப்பட வேண்டியவராக இருக்கிறார்கள். 1871இல் வந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் பல சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் ஆக்கியது. 1952இல் அது ஒழிந்தது. அந்தக் காலத்துப் போலீஸ் குறிப்புகளோ இன்றும் வரலாற்றுச் சான்றாகப் படிக்கப்படுகின்றன. அவற்றுக்கு மறுமொழி சொல்லக்கூடியவை ஒரு கல்யாணப் படமும் சங்கத் துண்டறிக்கையும் மனு நகலும் பாட்டியின் ஒப்பாரிப் பதிவும்தான்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் உள்ள 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' பகுதியை நிறவெறி அரசு 1966இல் வெள்ளையருக்கென்று அறிவித்து, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை அங்கிருந்து துரத்தியது. வீடுகள் தரைமட்டமாயின. 1994இல் திறந்த அருங்காட்சியகத்தில் அப்பகுதியின் பெரிய வரைபடத்தைத் தரையில் விரித்து வைத்தார்கள். பழைய குடியிருப்பாளர்கள் வந்து, தம் வீடு நின்ற இடத்தில் தம் பெயரைத் தாமே எழுதினார்கள். இடிப்பு வேலையை மேற்பார்த்த ஒருவர் எடுத்து வைத்திருந்த தெருப் பெயர்ப் பலகைகளும் அங்கே வந்து சேர்ந்தன. நிலத்தைத் திரும்பக் கேட்ட போராட்டத்துக்கு இந்த நினைவுகள் வலுச்சேர்த்தன. பெயரை எங்கே எழுதுவது என்று வேறொருவர் முடிவு செய்திருந்தால் இது நடந்திருக்குமா?

ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான 'முகுர்த்து' என்ற மின் ஆவணக் காப்பக மென்பொருள் இன்னும் ஒரு படி போகிறது. எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதை அவர்களின் வழக்கமே அங்கு தீர்மானிக்கிறது. எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்து விடுவதே நியாயம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஈரமும் பூச்சியும் காகிதத்தைத் தின்றுவிடும். பெரிய நிறுவனங்களின் உதவி தேவைதான், மறுக்கவில்லை. படியெடுத்துக் கொடுக்கட்டும், பயிற்சி தரட்டும். மூலப்படி அந்த மக்களிடமே இருக்கட்டும். விவரக்குறிப்பை அவர்கள் எழுதட்டும். வேண்டாம் என்றால் திரும்பப் பெறும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். இந்த வேலையைச் செய்யும் சமூகத்து இளைஞர்களுக்குச் சேவை என்ற பெயரில் வெறும் நன்றி சொல்லி அனுப்பாமல் சம்பளம் கொடுக்க வேண்டும்.

தங்கள் இதழும் ஒன்று செய்யலாம். பழைய புகைப்படங்களை வெளியிடும்போது 'கூலித் தொழிலாளர்கள்' என்று மட்டும் போடாமல், படத்திலிருப்பவர்களின் ஊராரிடமும் உறவினரிடமும் கேட்டு அவர்களின் பெயர்களை அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்