ஆயா வீட்டுக் கூரையில் உறைபனி

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க், தென்னாப்பிரிக்கா
23-7-2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மா, செந்தில், சித்தி எல்லோரும் நலமா? ராஜாமணி அண்ணன் கையில் நீங்கள் கொடுத்துவிட்ட கடிதமும் இட்லிப்பொடியும் வியாழக்கிழமை கிடைத்தன. நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, ஃபோனிலும் இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தப்புதான் அப்பா. என் குரலை வைத்தே அம்மா எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாள். அதனால்தான் சீக்கிரம் வைத்துவிடுகிறேன்.

இங்கே இப்போது நடுக் குளிர்காலம். ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரம், கொடைக்கானலைவிட நானூறு மீட்டர் போலக் கீழே. போன 10-ஆம் தேதி பனியே பெய்தது. 2012-க்குப் பிறகு இப்போதுதானாம். வெளிக் குளிரைக்கூடத் தாங்கிவிடலாம், வீட்டுக்குள் இருக்கும் குளிர்தான் பொல்லாதது. தகரக் கூரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து. என் அறையில் ஹீட்டர் இருக்கிறது. ப்ரீபெய்டு மீட்டர் என்பதால் ராத்திரி ஒரு மணி நேரம் போடுவேன். ஸ்வெட்டரோடு படுத்துப் பழகிவிட்டது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

வீட்டுக்கார ஆயாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுபது தாண்டிவிட்டது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் வம்சம். தமிழில் ‘வா தம்பி’, ‘சாப்பாடு’, அதற்குமேல் மாரியம்மன் பாட்டுத்தான். ஆனால் ஆடி பிறந்ததும் மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துக் கூழ் ஊற்றுகிறார்கள் அப்பா! இங்கே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை கரண்டு போகிறது. அதற்கும் ஆயா ஒரு வழி வைத்திருக்கிறார். ஊறவைத்த பீன்ஸ் பருப்பை நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடிய பானையோடு பழைய ரஜாய்ப் போர்வை அடைத்த பெட்டிக்குள் இறக்கிவிடுவார். சாயங்காலம் திறந்தால் பூவாக வெந்திருக்கும். அடுப்பு எரிந்தது கால் மணி நேரம்தான்.

சூட்டை உண்டாக்குவதைவிட இருக்கிற சூட்டை வெளியே விடாமல் காப்பது லேசு என்று அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் மனதில் பதிந்தது. ஜூன் மாதம் ஒரு விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும்போது தெருவில் எல்லாக் கூரையிலும் உறைபனி உப்புத் தூவினாற்போல் இருந்தது. ஆயா வீட்டில் மட்டும் ஹாலுக்கும் அடுப்படிக்கும் மேலே தகரம் கறுப்பாக நனைந்து கிடந்தது. உள்ளே எரியும் ஹீட்டரின் சூடு நேராகக் கூரை வழியாகப் போய்ப் பனியைக் கரைத்துக்கொண்டிருந்தது. சூடு வெளியேறாமல் தடுக்கும் கண்ணாடி நார் மெத்தைச் சுருளை அவர் மகன் வாங்கிக் கொடுத்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை சீலிங்குக்கு மேலே தவழ்ந்து நானே விரித்தேன். வெந்நீர் டேங்க் அங்கேதான் இருக்கிறது, 150 லிட்டர். அதற்கும் அதன் குழாய்க்கும் போர்வை சுற்றினேன். ஆயா வீட்டுக் கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியையும் அடைத்தாயிற்று. கூலியை ஆயா வாடகையில் கழித்துக்கொண்டார், அதுவும் சௌகரியமாகப் போயிற்று. மறுவாரம் பார்த்தால் கூரை முழுக்க ஒரே வெள்ளை. தெருவில் நின்று எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது.

கம்பெனி வேலையும் இதுதான். 2,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட தனியார் அலுவலகக் கட்டடம் என்றால், சதுர மீட்டருக்கு வருஷத்தில் எத்தனை யூனிட் செலவாகிறது என்று கணக்கெடுத்து, ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை தரம் போட்ட சான்றிதழை வாசலில் மாட்ட வேண்டும் என்று 2020 டிசம்பரில் அரசு உத்தரவு போட்டது. நாங்கள் அளந்து, பழுது பார்த்துக் கொடுக்கிறோம். ஒரு கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆளே இல்லை, குளிர்சாதனக் காற்றைத் தள்ளும் ப்ளோயர் விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது. கரண்டு போய்ப் போய் வந்ததில் டைமர் கடிகாரம் பின்தங்கிவிட்டது, யாரும் திருப்பி வைக்கவில்லை. ப்ளோயர் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே அது இழுக்கும் கரண்டு ஏறக்குறைய பாதியாகிவிடும் அப்பா. இதெல்லாம் செந்திலுக்குச் சொல்லுங்கள், டிப்ளமோ படித்தவன், புரிந்துகொள்வான்.

அவன் கல்யாணத்துக்குள் மாடி அறை இரண்டிலும் ஏசி மாட்டப் போகிறான் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி முழுக்க உள்ளேதான் சூட்டை இறக்கும். மேலே செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளம் போட்டு வெள்ளை ஓடு பதிக்கச் சொல்லுங்கள். மேற்கு ஜன்னலுக்கு சன்ஷேடு இரண்டடியாவது நீளட்டும். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், புதிதாக வரும், கரண்டு குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் ஓடும். இவ்வளவும் செய்தபின் பெண் வந்து இருக்கும் அறைக்கு ஒரே ஒரு ஏசி, ஐந்து ஸ்டார் பார்த்து வாங்கி 24 டிகிரியில் வைத்தால் போதும்.

நேற்று ஆடிப்பூரம். ஆண்டாள் தேர் நிலைக்கு வந்த சேதியை ராஜாமணி அண்ணன் ஃபோனில்தான் பார்த்தேன். கோடையில் சாயங்காலம் மொட்டைமாடியில் நீங்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவீர்கள், தரை உஸ்ஸென்று இழுத்துக்கொள்ளும், அந்த மண்வாசனை அடங்குமுன் நானும் செந்திலும் பாய் விரித்துவிடுவோம். நேற்று ராத்திரி அந்த வாசனை இந்த அறைக்குள் வந்தது அப்பா. விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும். கரண்டு கட் ஆவதால் சைட்டில் வேலை நின்று நின்று நடக்கிறது, அவ்வளவுதான். ஆவணியில் சேர்த்து அனுப்புகிறேன். சித்தியின் சீட்டுப் பணத்தை அதற்காக நிறுத்த வேண்டாம், என் பங்கை ராஜாமணி அண்ணன் வீட்டில் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். மாரியப்பன் கொத்தனாருக்கு முழு அட்வான்ஸும் கொடுத்துவிடாதீர்கள், தளம் ஏழு நாளாவது தண்ணீர் காணட்டும்.

கார் நிறுத்த இடம் வேண்டுமென்று மேற்குப் பக்க வேப்பமரத்தை வெட்டச் செந்தில் ஆள் பேசியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று மணி வெயில் அந்தச் சுவரில் படாமல் இருப்பதே அந்த மரத்தால்தான். அம்மாவுக்கும் அது தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் நேரம் ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன், செந்திலைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். அதுவரை மரத்தில் அரிவாள் படக்கூடாது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
குமரன்