விளக்கைக் கரையில் வைக்க வேண்டாம்: பழவேற்காடு போகும் ஓர் ஆசிரியருக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சித்திரை அமாவாசையை ஒட்டி மாணவர்களோடு பறவையும் அந்துப்பூச்சியும் பார்க்கப் பழவேற்காடு போவதாக எழுதியிருந்தீர்கள். நாள் சரியான தேர்வு. நிலவில்லாத இரவில்தான் விளக்குக்குப் பூச்சி நன்றாக வரும். ஏரிக்கரையிலேயே விளக்கு வைக்கும் திட்டத்தை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள்.

கோடையில் நீர் வற்றிய திட்டுகளில் ஆள்காட்டி, பவளக்கால் உள்ளான், உப்புக்கொத்தி, ஆலா எல்லாம் வெறுந்தரையில் முட்டையிடும். இரவில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் கண்டால் அடைகாக்கும் பறவை எழுந்துவிடும். மண் நிற முட்டையை இருட்டில் மிதித்தாலும் தெரியாது. கடற்கரைப் பக்கமும் கூடாது: பங்குனி ஆமைக் குஞ்சுகள் பொரிந்து வரும் பருவம் இது, வெளிச்சம் கண்டால் கடலை விட்டு அதை நோக்கித்தான் நகரும்.

ஊர்ப்பக்கம் தள்ளி, மரங்களின் மறைவில் வையுங்கள். கடற்காற்றுக்கும் அதுவே நல்லது. காற்று வீசும் வெளியில், பூச்சி வந்து உட்கார விளக்கருகே கட்டும் துணி கப்பல் பாய்போல் உப்பும், பூச்சி உட்காராது. எட்டு முழ வெள்ளை வேட்டி போதும். பாதியைக் கயிற்றில் தொங்கவிட்டு, மீதியைத் தரையில் விரித்துக் கல் வையுங்கள். பாதிப் பூச்சிகள் கீழேதான் விழும், ஆகவே காலடி பார்த்து நடக்கச் சொல்லுங்கள். சாதாரண எல்இடியில் புறஊதாக் கதிர் அநேகமாக இல்லை. புறஊதா விளக்குதான் வேண்டும். 20 வாட் விளக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்று மணி நேரம் எரியும். மாணவர்கள் அதை நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணுக்குக் கெடுதல்.

பத்து மணிக்கு விளக்கை அணைத்து, துணியை மெல்ல உதறிப் பூச்சிகளைப் புதருக்குள் விடுங்கள். விடியும்வரை விட்டால் கரிச்சான் வந்து ஒன்றுவிடாமல் பொறுக்கித் தின்னும். இரண்டாம் நாள் விளக்கு எரியும் இடத்தைத் தேடியே வரும். வெள்ளை இறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி வைத்த சிறிய பூச்சி ஒன்றைப் பகலிலேயே கிலுகிலுப்பைச் செடியில் காட்டலாம். அதன் புழு அந்தச் செடியின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் பெரும்பாலும் அதைச் சீண்டுவதில்லை.

பறவை பார்க்க மாலை நாலு மணி நல்லது. இடம், பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் உள்ள அண்ணாமலைச்சேரி. காலையில் வெயில் எதிரே அடிக்கும், உள்ளான்கள் வெறும் கரிய உருவங்களாகவே தெரியும். மாலையில் வெயில் முதுகுப்பக்கம். குளிர்காலத்தில் சாம்பலாக இருந்த கர்லூ சாண்ட்பைப்பர் என்ற வலசை உள்ளானின் மார்பில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஏறியிருப்பதை அப்போது காட்டலாம். வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க அவை கொழுப்புச் சேர்க்கும் நேரம் இது; பறக்கும் படத்துக்காகக் கூட்டத்தைக் கலைக்க யாரையும் விடாதீர்கள்.

பவளக்கால் உள்ளான் கத்திக்கொண்டு தலைக்கு மேலே சுற்றினால் கூடு அருகில் இருக்கிறது. வந்த தடத்திலேயே உடனே திரும்புங்கள். வெயிலில் அந்தப் பறவை வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும்; நாம் நிற்கும் நேரமெல்லாம் முட்டை வேகும்.

வனத்துறைக்கு அனுமதி கேட்கும் கடிதத்தில் விளக்கு வைக்கும் இடத்தையும் அணைக்கும் நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

அன்புடன்.