ஜூலையில் ஒரு பீரியடு கொடுங்கள்

மதுரை மாவட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் தேர்ச்சி சதவீதத்தைப் போட்டுவிட்டு விடுமுறைக்குப் போகிறோம். ஜூனில் அதே பிள்ளைகள் அடுத்த வகுப்பில் வந்து உட்காரும்போது, போன வருஷம் படித்ததில் என்ன மிச்சம் என்று பார்க்கிறோமா?

இந்த ஜூனில் பார்த்தேன். அடர்த்திக்கு வரையறை கேட்டால், ஏப்ரலில் சொல் பிசகாமல் எழுதிய பிள்ளைகளே பேனாவைக் கடித்தார்கள். சரி என்று, நெல்லிக்காய் அளவு கிரானைட் துண்டு ஒன்றை (மேலூரில் அதற்கா பஞ்சம்) மேசையில் வைத்தேன். வரையறை மறந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். கல்லை எடை போட்டாள். நூலில் கட்டி அளவு ஜாடிக்குள் இறக்கி, குனிந்து, கண்மட்டத்தில் தண்ணீர் ஏறியதைப் பார்த்துக் குறித்தாள். வகுத்ததும் 2.6 சொச்சம் வந்தது. "நிறையைப் பருமனால வகுத்தோம்ல டீச்சர், அதுதான் அடர்த்தி" என்றாள். வரையறையைக் கையே எடுத்துக் கொடுத்துவிட்டது.

அப்புறம் கேட்டேன்: "இதே கல் இரண்டு மடங்கு பெரிதாக இருந்தால் அடர்த்தி கூடுமா?" சூத்திரம் நினைவில் இருந்தவர்கள்கூட "கூடும்" என்றார்கள். கூடாது; நிறையும் பருமனும் சேர்ந்தே இரண்டு மடங்காகும். மனப்பாடம், கைப்பழக்கம், புரிதல் மூன்றும் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் ஆயுளும் வேறு. நாம் மூன்றையும் ஒரே மதிப்பெண்ணில் அடைத்துவிடுகிறோம்.

திருப்புதல் தேர்வு வைக்கிறோமே என்பீர்கள். பாடப்பகுதியை முன்கூட்டியே சொல்லி வைக்கும் தேர்வு, முந்தின இரவுப் படிப்பைத்தான் அளக்கும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்து 81 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்கள் 56, திரும்பப் படித்தவர்கள் 42. உடனே அளந்திருந்தால் தப்பான முறையைத்தான் மெச்சியிருப்போம்.

அதனால் கேட்கிறேன். ஜூலையில், முதல் இடைப்பருவத் தேர்வுக்கு முன்னால், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பீரியடு கொடுங்கள். போன வருஷப் பாடத்திலிருந்து பத்துக் கேள்வி, முன்னறிவிப்பில்லாமல். சில எழுத, சில செய்துகாட்ட, சில 'ஏன்' என்று விளக்க. மதிப்பெண் வேண்டாம், எமிஸில் (கல்வித் துறையின் இணையப் பதிவில்) ஏற்ற வேண்டாம், எந்த ஆசிரியரையும் அதை வைத்துக் கேள்வி கேட்க வேண்டாம். எதைத் திரும்ப நடத்த வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்தால் போதும். அதற்கான கேள்விகளை எழுதித் தர நான் தயார்.

அன்புடன்,
ஓர் அறிவியல் ஆசிரியை