பேட்டி கொடுக்கும் ரத்தக்காட்டேரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

‘இன்டர்வியூ வித் தி வேம்பயர்’ என்ற அமெரிக்கத் தொடருக்கு (2022) உங்கள் இதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். பயமே வரவில்லை, சும்மா பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று தள்ளிவிட்டார் உங்கள் விமர்சகர். நான் முதல் மூன்று பகுதிகளைப் பார்த்தேன். பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்ததே அந்தப் பேச்சுதான்.

இது ஆன் ரைஸ் 1976இல் எழுதிய நாவல். 1994இல் படமாகவும் வந்தது. நாவலில் தன் கதையைச் சொல்லும் ரத்தக்காட்டேரி லூயி, முதலில் அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தும் வெள்ளைக்காரப் பண்ணையார். கதை 1791இல் தொடங்கும். தொடரில் காலம் 1910. லூயி இப்போது கறுப்பினத்தவன், நியூ ஆர்லியன்ஸின் ஸ்டோரிவில் பகுதியில் விலைமாதர் விடுதி நடத்துகிறான். கையில் பணம் புரள்கிறது. ஆனால் வெள்ளைக்காரப் பெரிய மனிதர்களோடு சீட்டாட உட்கார்ந்தால் எல்லாப் பேச்சையும் சிரித்துக்கொண்டே விழுங்க வேண்டும். அந்த மேஜையில்தான், பிறகு லூயியை ரத்தக்காட்டேரியாக்கும் லெஸ்டாட் நேரத்தையே நிறுத்திவிட்டு, உதடு அசையாமல் லூயியின் மனசுக்குள் பேசுகிறான். மற்றவர்கள் கையில் சீட்டோடு சிலையாக உறைந்திருக்கிறார்கள். லூயி ஏன் அவன் பின்னால் போனான் என்று அப்புறம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

ரத்தம் குடிப்பவர்கள் கதை எங்கள் குமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. திருவனந்தபுரத்திலிருந்து பத்மநாபபுரம் வரும் காட்டுவழியில் ஒரு யட்சி நின்று, வருகிறவனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாளாம். கொடுத்தவனுடைய முடியும் நகமும்தான் காலையில் பனைமூட்டில் கிடக்கும். கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரம் தெரிந்த பாதிரியார் வந்து அவளை அடக்கினார் என்று கதை முடியும். மலையாளச் சேனலில் அது தொடராக வந்தபோது எல்லைக்கு இந்தப் பக்கமும் வீட்டுக்கு வீடு பார்த்தோம். உங்கள் விமர்சகர் தேடுவது அந்த வகைப் பயம். அது தப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் இசக்கியம்மன் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இன்னொரு வகையும் தெரியும். புலவருக்குப் புலவர் கதை கொஞ்சம் மாறும், அடிப்படை ஒன்றுதான். நம்பி வந்த தாசியை அவள் காதலன் நகைக்காகக் காட்டில் வைத்துக் கல்லைப் போட்டுக் கொல்கிறான். சாகும்போது அவளுக்குச் சாட்சி, பக்கத்தில் நின்ற கள்ளிச்செடி மட்டும். மறுபிறவியில் நீலியாக (அவள்தான் இசக்கி) வந்து, ஒரு கள்ளிக்கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வியாபாரியாகப் பிறந்திருக்கும் அவனைக் காட்டி ‘இவர்தான் என் புருஷன்’ என்று ஊர்ச்சபையில் வழக்குப் பேசுகிறாள். சொல்வது பச்சைப் பொய். கேட்கிற நாமோ அவள் பக்கம்தான் இருக்கிறோம், அவளுக்கு முதலில் என்ன நடந்தது என்பதைப் புலவர் பாடிவிட்டாரே!

லூயியும் அப்படி வழக்குப் பேசுகிறவன்தான். 1973இல் ஒரு பேட்டி கொடுத்தான். இப்போது துபாயில் உயரமான கட்டடத்தில் உட்கார்ந்து, அதே பத்திரிகையாளர் டேனியல் மாலயிடம் திரும்பச் சொல்கிறான். மாலய்க்கு வயதாகி உடம்பு நடுங்குகிறது, நாக்கு மட்டும் கத்தி. அன்றைக்கு லெஸ்டாட்டைத் திட்டித் தீர்த்தாய், இன்றைக்குக் காதல் கதை மாதிரி சொல்கிறாயே என்று மடக்குகிறார். நம் ஊர்ச்சபையில் இப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் நீலியின் பாடு கஷ்டம்தான். கோரைப்பல்லை விட இந்தக் குறுக்கு விசாரணைதான் என்னை அடுத்த பகுதிக்கு இழுத்தது.

குறை இல்லாமல் இல்லை. வசனம் சில இடங்களில் அலங்காரம் தாங்காமல் தள்ளாடுகிறது. லூயியின் விடுதிப் பெண்கள் வந்து போகிறார்களே தவிர, அவர்கள் கதையைக் கேட்க ஆள் இல்லை. ரத்தமும் கொஞ்சம் அதிகம்; சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம். லெஸ்டாட்டாக வரும் சாம் ரீடின் நடிப்பைப் பற்றி விமர்சனத்தில் ஒரு சொல்கூட இல்லாதது அநியாயம். சிரித்த முகம் அடுத்த நொடியே கொலைகார முகமாகிறது, இடையில் ஒரு கோடுகூடத் தெரிவதில்லை.

இனிமேல்தான் கிளாடியா என்ற சிறுமி வருகிறாள். நாவலில் அவளுக்கு ஐந்து வயது, தொடரில் பதினான்கு. கதை அங்கே எப்படித் திரும்பப்போகிறது என்று பார்க்க வேண்டும். முதல் பருவம் மொத்தமே ஏழு பகுதிதான். முழுக்கப் பார்த்துவிட்டு அதே விமர்சகரை இன்னொரு தடவை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மார்த்தாண்டம்.