சிறுகோளின் பெயர் விலைக்குக் கிடைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பணம் கட்டினால் ஒரு சிறுகோளுக்குத் தம் குழந்தையின் பெயரைச் சூட்டிவிடலாம் என்று கொடைக்கானலுக்கு வருவோரில் சிலர் நம்புவதைக் கேட்டு வருந்தியே இதை எழுதுகிறேன். சுற்றுப்பாதை உறுதியாகி நிரந்தர எண் வழங்கப்பட்ட பிறகு, கண்டுபிடித்தவருக்கே 10 ஆண்டுகள் வரை பெயரை முன்மொழியும் உரிமை உண்டு; அதை ஏற்பதும் மறுப்பதும் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழுவைச் சேர்ந்தது. வணிகப் பெயர்களுக்கு அங்கே இடமில்லை. தமிழகத்தின் காவலூர் வானாய்வகத்தில் 1988-இல் கண்டறியப்பட்ட 4130-ஆம் சிறுகோள் கணிதமேதை இராமானுஜன் பெயரைத் தாங்குகிறது. 2596-ஆவது, எங்கள் மலையிலுள்ள சூரிய ஆய்வகத்தின் இயக்குநராக விளங்கிய வைணு பாப்புவின் பெயரைப் பெற்றிருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய பெருமைகள் அல்ல இவை என்பதை, பழனி மலைப் பள்ளிகளில் ஆசிரியர்கள் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

தங்கள் வாசகர்,
கொடைக்கானல்