தண்ணீர்மலை அடிவாரத்தில் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

பினாங்கு தண்ணீர்மலைக்குத் தைப்பூசப் பால்குடம் எடுத்து வந்த என் துணைவியாருக்கு அடிவாரத்தில் திடீரெனப் படபடப்பு ஏற்பட்டபோது உதவிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் நன்றி முதலுதவிக் கூடாரத்தில் இருந்த தங்கைக்கு. வெயில், விரதம், வெறும் வயிறு என்று சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்ல, ஒருவர் வாயுக்கோளாறு என முடிவுகட்டிச் சோடாவே வாங்கி வந்துவிட்டார் (அந்த அன்புக்கும் நன்றி). அந்தத் தங்கையோ யாரையும் மறுத்துப் பேசாமல், துணைவியாரை நிழலில் அமர்த்தி, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணினார். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிப்பதே இயல்பு. நடை, காய்ச்சல், நீரிழப்பு, பதற்றம் ஆகியவற்றால் கூடும் துடிப்பு, காரணம் நீங்க நீங்க மெல்லத் தணியும். இவருக்கோ தண்ணீர் அருந்தி அமர்ந்த பிறகும் 180-ஐ ஒட்டியே நின்றது. தலைசுற்றலும் மூச்சுத்திணறலும் சேர்ந்திருந்ததால், "இனிக் காத்திருக்கக் கூடாது, அண்ணா" என்று கூறி அவரே அவசர அழைப்பு எண் 999-ஐ அழைத்தார்.

கூட்டத்தை விலக்கி ஆம்புலன்சுக்கு வழிவிட்ட உறுமிமேள இளைஞர்களுக்கும், பால்குடத்தை வாங்கிச் சுமந்து, ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளேறிச் செலுத்திய அண்டை வீட்டு அக்காவுக்கும் நன்றி.

அவசரப் பிரிவின் மருத்துவருக்கும் தாதியருக்கும் பட்ட கடன் பெரிது. இதே படபடப்பு முன்பும் வந்ததுண்டு. ஆனால் கிளினிக்கை அடைவதற்குள் அடங்கிவிடும் என்பதால், இ.சி.ஜி.யில் ஒன்றும் தெரிந்ததில்லை. இம்முறை துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பதிவு கிடைத்ததால், இதயத்தின் மின்னோட்டம் ஒரு கூடுதல் பாதையில் புகுந்து சுழல்வதே காரணம் என்று மருத்துவரால் உறுதிசெய்ய முடிந்தது. ஊசியில்லாத சிரிஞ்சுக்குள் 15 நொடி ஊதச் செய்து, உடனே படுக்க வைத்துக் கால்களை உயர்த்தினார்கள். அதற்கு அடங்காததால் துடிப்பைச் சீராக்கும் அடினோசின் மருந்தை இரத்தக்குழாய் வழியே செலுத்தினார்கள். சில நொடிகள் நெஞ்சை அழுத்துவதுபோல் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, அது கடக்கும்வரை கையைப் பற்றியிருந்த தாதியைப் பற்றி என் துணைவியார் இன்றும் பேசுகிறார்.

தைராய்டு, இரத்தசோகை ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையும் செய்து, இதய நிபுணரைப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் நாமே காரோட்டி வராமல் 999-ஐ அழைக்க வேண்டும் என்றும், தானாக அடங்கினாலும் தொடங்கிய நேரம், நீடித்த நேரம், திடீரென நின்றதா மெல்லத் தணிந்ததா என்பவற்றை எழுதி வைக்க வேண்டும் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அவர் கொடுத்த இ.சி.ஜி. நகலைத்தான் நிபுணரிடம் கொண்டுசெல்லவிருக்கிறோம்.

நன்றியுடன்,
ஒரு குடும்பத்தினர், பினாங்கு