ஹாமில்டனுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாயே

சத்துவாச்சாரி, வேலூர்
21-12-2025

அன்புள்ள சங்கர்,

கடிதம் கிடைத்தது. ஓசூரில் குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் இந்த மார்கழியில் காலையில் கோட்டைப் பக்கம் போனால் அகழித் தண்ணீர்மேல் பனி படர்ந்து கிடக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

எஃப் ஒன் கார்ப் பந்தயத்தில் ஏழு தடவை சாம்பியன் ஆன மனிதர் ஃபெராரி டீமுக்குப் போய் ஒரு வருஷம் முழுக்க ஓட்டியும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்து ஒரு தடவைகூட மேடை ஏறவில்லையே, வயசாகிவிட்டதா என்று கேட்டிருந்தாய். ஹாமில்டனுக்கு நாற்பது ஆகிவிட்டது, வயதுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் காரணம் அது இல்லை. நான் பார்த்தவரை முதல் காரணம் பிரேக் பெடல்.

கணக்கை முதலில் பார். அதே காரில் டீமின் இன்னொரு டிரைவர் லெக்லெர்க் 242 புள்ளி, ஹாமில்டன் 156. கடைசி மூன்று பந்தயங்களிலும், யார் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்யும் குவாலிஃபையிங்கின் முதல் கட்டத்திலேயே வெளியே வந்துவிட்டார். அதே மனிதர்தான் மார்ச்சில் ஷாங்காயில் சனிக்கிழமை நடந்த ஸ்பிரிண்ட் என்ற குட்டிப் பந்தயத்தை முதலிடத்தில் தொடங்கி ஜெயித்தார். ஓட்டத் தெரியாமல் போயிருந்தால் அது நடந்திருக்காது. கார் அவர் காலுக்கு ஒத்து வரும்போது வேகம் வருகிறது, ஒத்து வராதபோது காணாமல் போகிறது.

ஏலகிரியில் அந்த 14 கொண்டை ஊசி வளைவும் பழைய அம்பாசடரில் இறங்குவதாக நினைத்துக்கொள். இரண்டாவது கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியை இன்ஜினே இழுத்துப் பிடிக்கும். அந்தப் பிடி பின்சக்கரத்தில் மட்டும்தான் விழும். எஃப் ஒன் காரிலும் அதேதான், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை ஸ்டியரிங்கிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஃபெராரியில் இந்த இன்ஜின் பிரேக்கிங்கை நிறையப் பயன்படுத்தி, பின்பக்கத்தைக் கொஞ்சம் நழுவவிட்டுக் காரைத் திருப்புகிறார்கள். தனக்கு இது புதிய பழக்கம் என்று அவரே சீசன் தொடக்கத்தில் சொல்லிவிட்டார். அளவு கூடினால் பின்சக்கரம் பூட்டிக் கார் சுழலும். குறைந்தால் மூக்கு திரும்பாமல் வெளியே ஓடும்.

இனி பிரேக் பெடல். அதை 100 கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும். கார்பன் டிஸ்க் சூடு ஏறாமல் இருந்தால் பிடிக்காது, பிடிக்கும்போது 1,000 டிகிரி வரை போகும். மிதித்த முதல் நொடியில் எவ்வளவு பிடி கிடைக்கும் என்பது காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், யோசித்துச் செய்யும் வேலை இல்லை அது. பன்னிரண்டு வருஷம் மெர்சிடஸில் பழகிய கால் ஒரு குளிர்காலத்தில் மாறிவிடாது. கூடவே இருந்த இன்ஜினியர் பானிங்டனும் அங்கேயே தங்கிவிட்டார். ஃபெராரியில் புது இன்ஜினியர் அடாமியோடு ரேடியோ பேச்சு வருஷம் முழுக்கச் சரியாக ஒட்டவில்லை, நீயே கேட்டிருப்பாய்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இந்தக் கார்கள் தரையோடு எவ்வளவு ஒட்டிப் போகிறதோ அவ்வளவு பிடி. அடியில் ஒரு பலகை இருக்கும். புதிதாக 10 மி.மீ., பந்தயம் முடிந்து அளக்கும்போது 9 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஸ்பிரிண்ட் ஜெயித்த மறுநாளே ஹாமில்டன் கார் இந்த அளவில் தோற்றுத் தகுதி இழந்தது. அதே நாளில் லெக்லெர்க் கார் குறைந்தபட்ச எடையான 800 கிலோவுக்கு ஒரு கிலோ குறைந்து அதுவும் போனது. அப்புறம் பயந்து காரைத் தூக்கி ஓட்டினால் வேகம் குறையும். இது ஃபெராரிக்கு மட்டும் வந்த கஷ்டமும் இல்லை. லாஸ் வேகாஸில் மெக்லாரன் டிரைவர் நாரிஸ் காரின் பலகை ஓர் இடத்தில் 8.88 மி.மீ. இருந்தது. குறைவு 0.12 மி.மீ.தான், ஒரு தாள் கனம். அதற்காக இரண்டாம் இடத்தின் 18 புள்ளியும் போயிற்று. கடைசியில் அவர் சாம்பியன் ஆனது 423-க்கு 421 என்று இரண்டே புள்ளியில்! அபுதாபி முடிந்த இரவு அந்தத் தாள் கனத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கத்தாரிலும் மெக்லாரன் இப்படித்தான் கையில் இருந்ததை விட்டது. ஒரு செட் டயர் 25 சுற்றுக்கு மேல் ஓடக் கூடாது என்று அங்கே விதி. மொத்தம் 57 சுற்று. ஏழாவது சுற்றில் எல்லோரையும் மெதுவாகப் போக வைக்கும் சேஃப்டி கார் வந்தபோது மீதி 50, சரியாக இரண்டு 25. கிட்டத்தட்ட எல்லோரும் டயர் மாற்ற உள்ளே வந்தார்கள், மெக்லாரன் இரண்டு காரையும் வெளியே ஓடவிட்டது. ஜெயித்தது ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பன். நெதர்லாந்தின் ஸான்ட்வோர்ட் பந்தயம் முடிந்தபோது முதலிடத்துக்கு 104 புள்ளி பின்தங்கியிருந்தவர் இரண்டு புள்ளி வரை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ரெட் புல்லில் வெர்ஸ்டாப்பனோடு இரண்டாவது சீட்டில் உட்காருகிறவர்களுக்குத் திறமை இல்லை என்று நீ எழுதியதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே உட்காருகிறவர்கள் திறமை இல்லாதவர்கள் இல்லை. லாசனை இரண்டே பந்தயத்தில் மாற்றினார்கள், சுனோடா வந்து அந்தக் காரில் 30 புள்ளி எடுத்தார், வெர்ஸ்டாப்பன் 421. அதற்கு முன் கேஸ்லி, ஆல்பன், பெரஸ். இத்தனை பேரும் ஒரே இடத்தில் தடுக்கினால் குறை இடத்தில்தான். வெர்ஸ்டாப்பனுக்கு மூக்கு கூர்மையாகத் திரும்ப வேண்டும், பின்பக்கம் ஆடினால் அவர் சமாளித்துக்கொள்வார். வருஷா வருஷம் வேகம் தேடிப் போகும்போது கார் அந்தப் பக்கமே வளர்ந்துவிட்டது. கேஸ்லியும் ஆல்பனும் வேறு டீமுக்குப் போய் நன்றாக ஓட்டுகிறார்களே, அதைவிட என்ன சாட்சி வேண்டும்? இப்போது ஹட்ஜார் போகிறார். ஸான்ட்வோர்ட்டில் சின்ன டீம் காரில் மூன்றாவது வந்த பையன். விதி மாறிக் கார் அடியோடு மாறும் 2026-இல் போவது அவருக்கு நல்லது, எல்லோரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறார்கள்.

சைன்ஸ் ஃபெராரியை விட்டு வில்லியம்ஸ் டீமுக்குப் போனபோது நாம் இருவரும் பாவம் என்றோம். பாகு, கத்தார் என்று இரண்டு மேடை, டீம் ஐந்தாம் இடம். 2024 மெல்பர்னில் உபரி சேசிஸ் (காரின் உடற்கூடு) இல்லாமல் ஒரு டிரைவரின் காரைப் பிடுங்கி இன்னொரு டிரைவர் ஆல்பனுக்குக் கொடுத்த டீம் அது. காரின் 20,000 பாகங்களையும் எக்ஸெல் ஷீட்டில் கணக்கு வைத்திருந்தார்கள். டீம் தலைவராக வோல்ஸ் வந்து முதலில் சரிசெய்தது அந்த மாதிரி வேலைகளைத்தான். டிரைவர் அதற்கு அப்புறம்தான். ஒரு டீம் எழுவதைப் பார்க்க வேண்டுமானால் டிரைவர் செய்தியை விட்டுவிட்டு இன்ஜினியர் செய்தியைப் படி. ராப் மார்ஷல் ரெட் புல்லை விட்டு மெக்லாரன் போகிறார் என்று 2023 மே மாதம் அறிவித்தார்கள், 2024-இல் வேலையில் சேர்ந்தார், அந்த வருஷமே 1998-க்குப் பிறகு முதல் டீம் பட்டம் வந்தது. அவர் ஒருவரால்தான் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த அறிவிப்பு எத்தனை பேர் கண்ணில் பட்டது?

கீழே இருப்பவன் மேலே வர விதியிலேயே ஒரு வழி இருக்கிறது. கார் மாதிரிமேல் காற்றை ஊதிப் பார்க்கும் காற்றுச் சுரங்கச் சோதனையில் எட்டு வாரத்துக்கு அடிப்படை அளவு 320 ஓட்டம். டீம் பட்டியலில் முதல் இடத்துக்கு அதில் 70 சதவீதம், அதாவது 224. பத்தாம் இடத்துக்கு 115 சதவீதம், 368. ஆல்பின் இந்த வருஷம் 22 புள்ளியோடு கடைசி. அவர்களுக்கு இந்தக் கூடுதல் ஓட்டமும் வரும், மெர்சிடஸ் இன்ஜினும் வரும்.

2026 கார் 768 கிலோ. மின்மோட்டார் 120 கிலோவாட்டிலிருந்து 350-க்குப் போகிறது, ஏறக்குறைய 470 குதிரைசக்தி மின்சாரத்திலிருந்து மட்டும். அதற்கான பேட்டரியை நிரப்புவது பெரும்பாலும் பிரேக் பிடிக்கும்போதுதான். ஆக பின்சக்கரப் பிடியில் பெரும்பகுதியை மோட்டார் எடுத்துக்கொள்ளும், பேட்டரி நிரம்பிவிட்டால் டிஸ்க் எடுத்துக்கொள்ள வேண்டும், அந்தக் கைமாற்றம் காலுக்குத் தெரியாமல் நடக்க வேண்டும். இருபத்திரண்டு டிரைவரும் பிரேக் பிடிக்கப் புதிதாகப் பழக வேண்டும். ஹாமில்டன் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை இருப்பது இதனால்தான்.

இன்ஜின் விஷயத்தில் மெர்சிடஸுக்கு நான்கு டீம், எட்டு கார். ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் அவர்களுக்குப் பாடம். ஹோண்டாவுக்கு ஆஸ்டன் மார்ட்டின் மட்டும், ஆடி (Audi) கம்பெனிக்குத் தன் டீம் கார் மட்டும், கோளாறு கண்டுபிடிக்கவே நேரம் ஆகும். அந்த ஆஸ்டன் மார்ட்டின் வேறு யாருமில்லை, 2005-இல் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்டான்தான். நடுவில் மிட்லண்ட், ஸ்பைக்கர், ஃபோர்ஸ் இந்தியா, ரேசிங் பாயிண்ட் என்று பெயர்ப்பலகை மாறிக்கொண்டே வந்தது. இப்போது பெயர்பெற்ற கார் வடிவமைப்பாளர் நியூவியே அங்கே இருக்கிறார். அவர்கள் ஜெயித்தால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம்தான்.

சீசனுக்கு முன் நடக்கும் பஹ்ரைன் சோதனை ஓட்டம் பிப்ரவரி 11 முதல் 13 வரையும், 18 முதல் 20 வரையும். பட்டியலில் முதலில் வருகிற நேரத்தைப் பார்த்து ஏமாறாதே. 10 கிலோ பெட்ரோல் குறைத்தாலே சுற்றுக்கு சுமார் 0.3 விநாடி கிடைத்துவிடும். ஒரு நாளில் எத்தனை சுற்று, தொடர்ந்து பதினைந்து சுற்று ஓடும்போது சுற்று நேரம் எப்படிக் கூடிக்கொண்டே போகிறது, இரண்டையும் குறித்து வை. நானும் இங்கே குறித்து வைக்கிறேன்.

முதல் பந்தயம் மெல்பர்ன், மார்ச் 8, ஞாயிறு காலை 9.30 நம் நேரம். சனிக்கிழமை சாயந்திரமே பஸ் ஏறிவிடு. முதல் திருப்பத்துக்கு ஹாமில்டனின் 44-ஆம் எண் கார் எப்படி பிரேக் பிடித்து இறங்குகிறது என்று சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
பாலு